வெறும் தோள்

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன்.
காய்ச்சல் இல்லை, சாவு இல்லை, கல்யாணம் இல்லை.
லாரிக்காரர் கேட்டதற்கு
ஊர் சுற்றப் போகிறேன் என்றேன்.
எந்த ஊர்?
வால்பரைசோ.
இருக்கிறதே வால்பரைசோதானே என்று
போனை வைத்துவிட்டார்.

பத்தொன்பது வருடமாய் இந்தக் குன்றுகளில்
காஸ் சிலிண்டர் சுமக்கிறேன்.
ஏறும்போது கண் படியில் இருக்கும்.
எந்தப் படி உடைந்தது, எதில் நாய் மூத்திரம்,
எந்த வீட்டில் சில்லறை பாக்கி,
இவ்வளவுதான் எனக்கு நகரம்.
கடல் எப்போதும் முதுகுக்குப் பின்னால்.
திரும்பி இறங்கும்போதுதான் பார்ப்பேன்.
அதனால் கடல் என்றால் எனக்குக்
காலி சிலிண்டரின் சத்தம்.

துறைமுகச் சதுக்கத்தில் ஓலைத் தொப்பி வாங்கினேன்,
பன்னிரண்டாயிரம் பெசோ.
பேரம் பேசத் தெரிந்தும் பேசவில்லை.
பயணி என்றால் அப்படித்தான்.
சுற்றுலா அலுவலகப் பெண்
இலவசமாய் வரைபடம் தந்தாள். விரித்தேன்.
கீழ்க்குன்றுகள் எல்லாம் ரோஜா நிறம்,
காபிக் கடைக்கு ஒரு கோப்பை, தேவாலயத்துக்கு ஒரு சிலுவை.
என் குன்று இருக்கவேண்டிய இடத்தில்
ஓட்டல் விளம்பரம்:
காலை உணவு சேர்த்து, நீச்சல் குளம் உண்டு.
என் கட்டில் ஏறக்குறைய அந்தக் குளத்தின் நடுவே.

தினமும் என்னைக் கண்டால் குரைக்கும் சாம்பல் நாய்
இன்று பின்னாலேயே வந்தது,
வெளியூர்க்காரர்களிடம் காட்டுகிற அதே பணிவோடு.
வழக்கமான கெட்ட வார்த்தையால் திட்டிப் பார்த்தேன்.
வாலை ஆட்டியது.

படகில் மைக் பிடித்திருந்தவன் நிபால்தோ,
ஆறாம் வகுப்பில் என் பென்சிலைக் கடித்தவன்.
என்னைப் பார்த்தான். தொப்பியைப் பார்த்தான்.
ஐயா எங்கிருந்து வருகிறீர்கள் என்றான், மைக்கில்.
ரொம்ப தூரம் என்றேன்.
நல்வரவு என்றான்.
நாற்பது பேரும் கைதட்டினார்கள்.

மிதவைமேல் கடல்சிங்கங்கள்,
சாப்பிட்டுவிட்டுக் கிடங்கில் கிடக்கும் எங்கள் ஆட்களைப் போல.
அப்புறம் அவன் கையை மேலே நீட்டினான்:
கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட் பூசிய வீடுகள்!
என் வீட்டு மஞ்சள் தவணையில் வாங்கியது,
இன்னும் இரண்டு பாக்கி.
தேடினேன். தண்ணீர்த் தொட்டிக்கு இடப்பக்கம் நாலாவது,
யாஸ்னா வீட்டுப் போர்வை காய்கிறதே, அதற்கு மேல்.
கிடைத்தது, நகத்தளவு.
இவ்வளவு அழகா என்று பட்டது.
உடனே கோபம் வந்தது,
யார்மேல் என்று தெரியவில்லை.

அதற்குக் கீழே நூல் மாதிரி ஒரு படிக்கட்டு.
நூலில் ஒரு புள்ளி ஊர்ந்தது. ஆரஞ்சுச் சட்டை,
தோளில் ஏதோ. நின்றது. மறுபடி ஊர்ந்தது.
பக்கத்து ஜெர்மன்காரி
கேமராவின் நீளக் கண்ணை அதன்மேல் வைத்து
உடைந்த ஸ்பானிஷில் கேட்டாள்,
அவர் என்ன சுமக்கிறார்?
தெரியாது என்றேன்.
என் தோள் மட்டும் தானாக ஒருமுறை
உயர்ந்து இறங்கியது.
கிளிக்.

சாயங்காலம் இழுவைப் பெட்டியில் ஏறினேன்.
சிலிண்டரோடு வரக்கூடாது என்று பலகை மாட்டிய பெட்டி.
குன்றுக்கு முதுகைக் காட்டி,
கடலைப் பார்த்தபடியே மேலே போவது
ஏதோ தப்புச் செய்கிற மாதிரி இருந்தது.

டீ போட அடுப்பைத் திருகினேன்.
ஒரு நீலப் பெருமூச்சு, அவ்வளவுதான்.
காஸ் தீர்ந்திருந்தது.
என் வீட்டில்.

ஜன்னலில் சாய்ந்து காத்திருந்தேன்,
கீழே கம்பியால் சிலிண்டரைத் தட்டுகிற சத்தத்துக்கு.
எத்தனை தெரு தள்ளியிருக்கும்போதே அது கேட்கிறது
என்பது இன்றுதான் தெரிந்தது.
காஸ்! என்று கத்தினேன்,
எல்லாரும் கத்துகிற மாதிரி, கொஞ்சம் எரிச்சலாக.

விளாதிமிர் வந்தான், இருநூற்றுப் பதினாறு படி.
இறக்கி வைத்தபோது
ஆரஞ்சுக் காலரில் உப்பு கோடு போட்டிருந்தது.
தண்ணீர் கொடுத்தேன்.
மிச்சத்தை வைத்துக்கொள் என்றேன்.
மிச்சம் எவ்வளவு என்று இருவருக்கும் தெரியும்.

மூச்சு அடங்கும்வரை அவன் ஜன்னலில் நின்றான்.
கப்பல்களில் விளக்கு ஏற ஆரம்பித்திருந்தது.
அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
தொப்பி நன்றாக இருக்கிறது, எவ்வளவு என்றான்.
ஐயாயிரம் என்றேன்.